மெஷின் வாங்கினா மட்டும் காணாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கோண்டாவில் பக்கம் ஒரு சின்ன மிளகாய்த்தூள் மில்லில வேலை செய்யிறன். 1990இல காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை நிண்ட பிறகு இப்பிடியான சின்ன இடங்கள்தான் இங்க கனபேருக்குச் சோறு போடுது, அதாலதான் எழுதுறன்.

போன வருசம் முதலாளி ஜப்பான்காரற்ற 5எஸ் முறையைக் கொண்டுவந்தவர், தேவையில்லாததைக் கழிக்கிறது, மிச்சத்தை ஒழுங்கா வைக்கிறது, துப்புரவாக்கிறது, அதையே எல்லாருக்கும் ஒரு வழமையாக்கிறது, பிறகு விடாமல் கடைப்பிடிக்கிறது, அவ்வளவுதான். முந்தி ஒரு ஸ்பேனர் தேடவே அரை மணித்தியாலம் போகும், இப்ப சுவரில அதுஅதுக்கு இடம் கீறி வச்சிருக்கு, பழைய மூட்டைதான் முதல்ல அரைபடுது, வண்டு பிடிச்சு எறியிறது நல்லாக் குறைஞ்சிட்டுது.

டொயோட்டா கம்பனியில பிழை கண்டா சாதாரண தொழிலாளியே கயிறை இழுத்து லைனை நிப்பாட்டலாம். எங்களிட்டக் கயிறு இல்லை, ஆனா பெயாரிங் சத்தம் மாறினா அரைக்கிற அக்காவே ஆரையும் கேக்காமல் மெஷினை நிப்பாட்டலாம் எண்டு முதலாளி சொல்லிப்போட்டார், எனக்கு அதுதான் எல்லாத்திலயும் பெரிய மாற்றம்.

கடன் திட்டத்தில மெஷின் வாங்கித் தாற ஆக்கள் இந்தப் பயிற்சியையும் சேர்த்துத் தரவேணும், தமிழில, மில்லுக்கே வந்து.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளி,
யாழ்ப்பாணம்