அறுத்துட்டு வர்றேன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். உன் நலத்துக்கு அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. லீவு கிடைக்காமல் மலேசியாவில் நீ தவித்தது எனக்குத் தெரியும். அதை நினைத்து மனசைப் போட்டு வாட்டிக்கொள்ளாதே. போனில் ஒன்று கேட்டாய்: "கடைசிப் பத்து வருஷம் தாத்தா சும்மாதானேம்மா உட்கார்ந்திருந்தார்?" அப்போது வீடு நிறைய ஆட்கள், பதில் சொல்ல வாய் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

1964-இல் பர்மாவை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினவர்களில் தாத்தாவின் அண்ணன் குடும்பமும் உண்டு. ரங்கூன் துறைமுகம் வரை போன தாத்தா, "வயல்ல பயிர் நிக்குது, அறுத்துட்டு வர்றேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். அறுத்தார். அடுத்த மழைக்கு மறுபடியும் நாற்று விட்டார். அப்புறம் போகவே இல்லை.

நிலம் சர்க்காருடையது, உழுகிற உரிமைதான் நமக்கு. ஏக்கருக்கு இத்தனை தின் (பர்மாக் கூடை அளவு) நெல் என்று குறைந்த விலைக்குச் சர்க்காருக்கு அளந்தே ஆகவேண்டியிருந்தது. விளையாத வருஷம் வெளியில் அதிக விலைக்கு நெல் வாங்கி அளந்திருக்கிறோம், அதை நான் கண்ணால் பார்த்தேன். 2003-இல்தான் அது நின்றது.

1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாடு வாங்க அரிசிப் பானையில் தாத்தா சேர்த்து வைத்திருந்தது முழுக்க 75 கியாட் நோட்டு. ஒரு ராத்திரி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுவருஷம் பக்கத்து வயல் பர்மாக்காரர் தன் ஜோடி மாட்டைக் கொடுத்துத்தான் நமக்கு உழவு நடந்தது. அவர்கள் வீட்டு அறுவடைக்கு நாம் முதல் ஆளாகப் போய் நிற்பது அன்றைக்குத் தொடங்கியது. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் "அபோ, அபோ" என்று, பர்மாப் பேச்சில் தாத்தா என்று, அழுதுகொண்டே தாத்தாவின் பாடைக்கு மூங்கில் வெட்டிக் கொடுத்தார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஏரை உன் அப்பா கையில் கொடுத்த பிறகும் விடியும் முன்னே டார்ச்சை எடுத்துக்கொண்டு தாத்தா கிளம்பிவிடுவார். வரப்பில் நண்டு வளை கண்டால் நின்று, ஒரு கை களிமண்ணை அதில் திணித்து, குதிகாலால் மிதித்து மிதித்து மூடுவார். தண்ணீர் ஒரு சொட்டு கசியாது. கால் வெடிப்பெல்லாம் சேறு காய்ந்திருக்கும், வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டது நான்தான். களத்தில் நெல் காயும்போது ஒரு மணியைக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று முறிந்தால் "கட்டு மூட்டையை" என்பார். நசுங்கினால் "இன்னும் ரெண்டு வெயில்." ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அவர் சும்மா உட்கார்ந்ததை நான் பார்க்கவே இல்லையடா கண்ணு.

கதிர் முற்றுகிற சமயத்தில் போய்விட்டார். போன வாரம் அறுத்தாயிற்று. நெல் களத்தில் கிடக்கிறது. இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்கிறார் அப்பா, போதும் என்கிறேன் நான். ரெண்டு பேரும் கடித்துப் பார்த்துவிட்டோம், பிடிபடவில்லை.

உன்னோடு வேலை பார்க்கிற பையன் பொங்கல் முடிந்து திரும்புகிறானாம். புது அரிசி ரெண்டு படி கொடுத்து அனுப்புகிறேன். தாத்தா கடைசியாக வரப்புக் கட்டின வயலில் விளைந்தது. பொங்கி, முதல் பிடியை அவருக்கு வைத்துவிட்டுச் சாப்பிடு.

இப்படிக்கு,
அம்மா