பிரசவ அறைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த மாதம் முதல் உனக்குப் பிரசவ அறையில் பணி என்று சொன்னாய். குழந்தை மருத்துவம் படிப்பவள் நீ. மருந்தின் அளவை எனக்கு நீதான் சொல்லித்தர வேண்டும். ஆனால் செவிலியாக என் பணிக்காலம் முழுவதும் நான் நின்ற இடம் அது. அங்கே மனிதர்கள் எப்படிச் சேர்ந்து இயங்குகிறார்கள் என்பதை நான் சொல்கிறேன், கேள்.

நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 85 தாமாகவே மூச்சுவிட்டு அழுதுவிடும். இன்னும் 10 குழந்தைகளுக்கு ஈரம் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்க வேண்டியவை ஏறக்குறைய 5. நெஞ்சை அழுத்தும் நிலை, இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்து போடும் நிலை எல்லாம் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று வரைதான். ஆபத்து இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நாளெல்லாம் அழுகிற குழந்தைகளையே ஏந்திப் பழகிய கை, அழாத குழந்தை வந்ததும் தடுமாறும். வகுப்பில் கற்றது சில மாதங்களில் கையைவிட்டு நழுவிவிடும்.

தான்சானியாவில் ஒரு மருத்துவமனையில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் குழந்தை வடிவப் பயிற்சிப் பொம்மையிடம் திறமையாகச் செய்தார்கள். பிரசவ அறையில் உண்மையான குழந்தைகளைக் கவனித்த விதத்தில் மாற்றம் தெரியவில்லை. பிறகு வாரந்தோறும் மூன்று முதல் ஐந்து நிமிடம், வேலை பார்க்கிற இடத்திலேயே பொம்மையை வைத்துப் பழகினார்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. பெரிய அரங்கில் நடக்கும் பயிற்சிக்கு நீ போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், உன்னோடு அன்று நிற்கிறவர்களுடன் பழகும் அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதே.

மாஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கருவில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலில் நிரம்பியிருப்பது திரவம். அந்த இடத்தில் காற்று புகுந்தால்தான் நுரையீரல் நாளங்கள் விரியும், இதயம் வேகமெடுக்கும். அதனால்தான் பிறந்த 60 விநாடிக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். மாஸ்க் கண்மேல் ஏறக் கூடாது, முகவாயைத் தாண்டி வழியவும் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பை வளைத்துப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பை மேலே தூக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மாஸ்க்கை முகத்தின்மேல் வைத்து அழுத்துகிறார்கள். கழுத்து மடங்கிக் காற்றுப்பாதை அடைபடுகிறது. நீ முகத்தை மாஸ்க்குக்குத் தூக்கு. நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு. கண் நெஞ்சிலேயே இருக்கட்டும்.

ஒருமுறை ஓர் இளம் மருத்துவர், மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் பேக்கை அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற செவிலி ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் நெஞ்சில் வைத்து, கேட்கிற இதயத் துடிப்பை, குழந்தையைக் கிடத்திச் சூடாக வைக்கும் மேசையான வார்மரின் விளிம்பில் விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். தட்டல் மெதுவாகவே இருந்தது. அவர் நெஞ்சை அழுத்தச் சொன்னார். குழந்தையின் கன்னத்தோரம் காற்று கசிவதை அவள் பார்த்துவிட்டாள். உதடு அசைந்தது, குரல் எழவில்லை. எங்கள் மூத்த செவிலிதான், "நெஞ்சு ஏறவே இல்லை டாக்டர், மாஸ்க்கைப் பாருங்கள்" என்று உரக்கச் சொன்னார். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. மாஸ்க்கை எடுத்து, தலையைச் சரியாக வைத்து, மறுபடி பொருத்தினார். நெஞ்சு ஏறியது. அந்த விரலின் தட்டல் வேகமானதை அறையில் இருந்த எல்லோரும் கேட்டோம். அன்று முதல் ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்பும் அவர், "நெஞ்சு ஏறாவிட்டால் என்னிடம் சத்தமாகச் சொல்லுங்கள்" என்று சொல்லத் தொடங்கினார். நான் பார்த்த மருத்துவர்களில் அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

அந்த ஒரு வாக்கியத்தை நீயும் சொல்ல வேண்டும். படிப்பில் பெரியவள் வாய் திறந்து கேட்காதவரை மற்றவர்கள் பேச மாட்டார்கள். நெஞ்சு ஏறும்படி 30 விநாடி மூச்சு கொடுத்த பிறகும் துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்தால்தான் நெஞ்சழுத்தம் என்பது உனக்கு மனப்பாடம். பதற்றத்தில் அதை நினைவூட்ட உன் பக்கத்தில் ஒருவர் துணிந்து பேச வேண்டுமே!

குழந்தை வருவதற்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் கேள்: எத்தனை வாரம், பனிக்குட நீர் தெளிவாக இருக்கிறதா, வேறு ஆபத்து ஏதும் உண்டா, தொப்புள்கொடியை எப்போது வெட்டுவார்கள். தலைமாட்டில் யார், துடிப்பு பார்ப்பது யார், நேரத்தைச் சொல்லிக் குறிப்பெடுப்பது யார் என்பதையும் அப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். "யாராவது அட்ரினலின் எடுங்கள்" என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள், அல்லது இரண்டு பேர் எடுப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு. அவர் அளவைத் திருப்பிச் சொல்லட்டும். மருந்து போனதும் "கொடுத்தாயிற்று" என்று சொல்லட்டும். பேக் உன் கையில் இருந்தால் முழு அறையையும் உன்னால் பார்க்க முடியாது. பொறுப்பை இன்னொருவரிடம் வாய்விட்டே ஒப்படை.

நீலம் பூத்திருக்கிறதே என்று பயந்து ஆக்சிஜனைத் திறந்துவிடாதே. முதல் நிமிடத்தில் வலது கையில் அளக்கும் இரத்த ஆக்சிஜன் 60 முதல் 65 சதவீதம் என்பது இயல்புதான். ஐந்தாம் நிமிடத்தில் 80 முதல் 85 வந்தால் போதும்.

எல்லோரும் வார்மரைச் சுற்றி நிற்கும்போது, அந்தத் தாய் அழுகைச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு தனியே கிடப்பாள். "குழந்தைக்கு மூச்சுவிட உதவிக்கொண்டிருக்கிறோம்" என்று அவளிடம் சொல்ல ஒருவரை நிறுத்து. இதை எந்த அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை, ஆனால் விட்டுவிடக் கூடாத வேலை இது.

முடிந்ததும் ஐந்து நிமிடம் எல்லோரும் நின்று பேசுங்கள், நல்லபடியாக முடிந்த நாளிலும். முதலில் உதவியாளரும் செவிலியும் பேசட்டும், நீ கடைசியாகப் பேசு.

அடுத்த முறை அழைக்கும்போது எனக்கு இரண்டு விஷயம் சொல். உங்கள் பிரசவ அறையில் பயிற்சிப் பொம்மை கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, அல்லது பூட்டிய அலமாரியிலா? முதல் இரவுப் பணியில் உன்னோடு நிற்கப்போகும் செவிலியின் பெயர் என்ன?

அன்புடன்,
அம்மா