பஸ்ஸில் தூங்கிக் கடந்த வீதி

மச்சான்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத நினைத்தும் அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனதால் இழுபட்டுவிட்டது, குறை நினைக்காதே. இப்போது அவ தேறிவிட்டா. உன் முழங்கால் நோவைப் பற்றிச் சொன்னேன், நல்லெண்ணெய் தடவச் சொல்லு என்றா. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த செய்தி வீட்டில் எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். எங்கள் வாழ்த்தை அவளிடம் சொல்லிவிடு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக்கு ஏசி பஸ் ஓடும்போது இந்த வயதில், அதுவும் தனியாக, ஏன் சைக்கிளில் போனாய் என்று கேட்டிருந்தாய். முழுப் பயணத்தையும் எழுதப் புறப்பட்டால் முடியாது. முதல் நாளை மட்டும் எழுதுகிறேன், வெள்ளவத்தையிலிருந்து உடப்பு வரை, 110 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும்.

யோசித்துப் பார், அந்த வீதியால் நீயும் நானும் எத்தனை தரம் போய் வந்திருப்போம்? இரவு வெள்ளவத்தையில் ஏறுவோம், வத்தளை தாண்ட முந்தியே தூங்கிவிடுவோம், புத்தளப் பக்கம் எங்கேயாவது தேத்தண்ணிக்கு நிற்பாட்டினால் அரைக் கண்ணோடு இறங்கி ஏறுவோம், விடியும்போது வவுனியாவுக்கு அங்கால் நிற்போம். எங்கள் மனதில் கொழும்பு இருக்கிறது, யாழ்ப்பாணம் இருக்கிறது, இடையில் இருப்பது வெறும் இருட்டும் சோதனைச்சாவடியும்தான். அந்த இடைவெளியில் யார் இருக்கிறார்கள், என்ன கதைக்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள் என்று எதுவும் தெரியாமலே பாதி வாழ்க்கை போய்விட்டது என்பது எனக்குக் கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது.

சைக்கிள் 2022இல் வாங்கியது. பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்ற அந்த நேரத்தில் கொழும்பில் பழைய சைக்கிளுக்கும் யானை விலை. எனக்குக் கிடைத்தது ஜப்பானிலிருந்து வந்த பழைய இரும்புச் சட்டக்காரன், பாரம் கூட, ஆனால் எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் திருத்தலாம். கோட்டையில் இருக்கும் வேலைக்கு அதில் போய் வரத் தொடங்கினேன், எரிபொருள் திரும்பி வந்த பிறகும் விட மனமில்லை. தொண்ணூறுகளில் ஊருக்குள் பெற்றோல் விடாத காலத்தில் நாங்கள் பள்ளிக்கூடம், ரியூஷன், ஆஸ்பத்திரி, செத்தவீடு எல்லாவற்றுக்கும் சைக்கிளில்தானே போனோம்? கால் அதை மறக்கவில்லை, மச்சான்.

பங்குனி மாதத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் காற்று. வாடை ஓய்ந்திருக்கும், சோளகம் இன்னும் எழும்பியிருக்காது. வெயில்தான் கொல்லும். அதனால் விடிய நாலரைக்கே வெளிக்கிட்டேன். கரியரில் இரண்டு பக்கமும் பை, எல்லாம் சேர்த்து ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோ. பின்னுக்குச் சிவப்பு லைற், காண்டிலில் சின்னக் கண்ணாடி, மேலே மினுங்குகிற மஞ்சள் அங்கி. இந்த மூன்றும் இல்லாமல் புத்தளம் வீதியில் ஏறாதே என்று யார் கேட்டாலும் சொல்லுவேன்.

மரின் டிரைவில் அந்த நேரம் கடல் இரைச்சல் மட்டும்தான். காலிமுகத்திடல் தாண்டிப் புறக்கோட்டைக்குள் புகுந்தால், மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போன பிறகு அந்த விடியற்காலைச் சனமும் மரக்கறி மணமும் இல்லை. செட்டியார் தெருவில் நகைக்கடைகள் எல்லாம் பூட்டு. ஆனால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் அந்த இருட்டிலேயே சனம் நின்றது, செவ்வாய்க்கிழமை அல்லவா. தமிழும் சிங்களமும், பொட்டு வைத்த அம்மாமாரும், வேலைக்குப் போகிற வழியில் பையோடு வந்த பொடியன்களும். 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டுவெடிப்பில் செத்தவர்களை நினைக்காமல் அந்த வாசலைக் கடக்க எனக்கு இன்னும் முடியவில்லை. இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

பேலியகொடைப் பக்கம் லொறி நெரிசல். அதால் போகாமல் முகத்துவாரம், மட்டக்குளி வழியாகக் களனி ஆற்றைக் கடந்து ஹெந்தளைக்குள் இறங்கினேன். அங்கிருந்து நீர்கொழும்பு வரை கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு வீதி ஓடுகிறது. சைக்கிளுக்கென்றே போட்ட மாதிரி மட்டமான வீதி. கால்வாய் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய். வலப்பக்கம் முத்துராஜவெல சதுப்புக்கு மேலால் சூரியன் வந்தது, கொக்கும் நீர்க்காகமும் கால்வாய்க் கட்டில் வரிசையாக நின்றன, நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவிட்டன.

சரக்குவ கடற்கரையில் தண்ணீர் குடிக்க நிற்பாட்டினேன். மணலை ஒரு கை அள்ளி விரலால் விலக்கிப் பார்த்தால் அரிசியிலும் சின்னதாய் வெள்ளை உருண்டைகள். எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் 2021இல் எரிந்து மூழ்கியபோது கடலில் கொட்டிய பிளாஸ்ரிக் மணிகள், கப்பலில் இருந்தது சுமார் 1,680 தொன். வெயிலில் கிடந்து சில மஞ்சளாகிவிட்டன, சிலதில் எரிந்த கறுப்பு. செய்தியில் எல்லாரும் பார்த்ததுதான். ஆனால் என் உள்ளங்கையில் பத்துப் பதினைந்து மணி ஒட்டிக்கொண்டு நின்றபோது வந்த கோபம் செய்தி பார்த்து வந்ததில்லை. அந்தக் கரையை நம்பி இருக்கிறவர்கள் அதே மணலில்தான் இன்னும் வள்ளத்தை ஏற்றி இறக்குகிறார்கள்.

நீர்கொழும்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுவிட்டேன். கருவாடு காய்கிற கரையை நீ பார்க்க வேண்டும். மீனை முதுகால் பிளந்து குடலை எடுத்து, உப்புத் தண்ணீர்ப் பீப்பாவில் ஊறப்போட்டு, கடல் தண்ணீரில் அலசி, தும்புப் பாயில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புகிறார்கள். ஒரு ஆச்சி குனிந்தபடியே பாயின் ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்குப் புரட்டிக்கொண்டே போனா, கை நிற்கவே இல்லை. நான் சிங்களத்தில் ஏதோ கேட்க, அவ பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் தமிழில் திரும்பினா. எங்கள் தமிழ் இல்லை, அவர்களுக்கென்று ஒரு ஓசை. நான் தமிழில் கதைத்தவுடன் நிமிர்ந்து பார்த்து, "சைக்கிள்லயா வந்தது, தனியாவா?" என்றா. தன் தாய் காலத்தில் வீட்டில் செபமெல்லாம் தமிழ்தானாம், பேரப்பிள்ளைகள் சிங்களப் பள்ளிக்கூடமாம், அவர்களுக்கு விளங்கும், திருப்பிக் கதைக்கமாட்டார்களாம். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னா. பிளேன்ரீயும் கருப்பட்டித் துண்டும் தந்துதான் விட்டா. இத்தனை வருடமும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு இந்த மனிசியைக் கடந்து போயிருக்கிறேன்.

தனியாக ஏன் என்றாயே, இதுதான். இரண்டு பேர் போனால் எங்களுக்குள்ளே கதைத்துக்கொண்டு போவோம். தனியாகப் போகிறவனைக் கண்டால் ஊர் வந்து கதைக்கும்.

நீர்கொழும்புக்கு அங்கால் பிரதான வீதி. மகா ஓயா ஆறு தாண்டினால் தென்னை, தென்னை, தென்னை. வென்னப்புவையில் இத்தாலிக் காசில் எழும்பிய மாடி வீடுகள், பலது பூட்டிக் கிடக்கின்றன, முற்றம் மட்டும் கூட்டியிருக்கிறது. எங்கள் ஊரில் வெளிநாட்டுக்காரர் வீடுகள் நிற்கிற அதே நிலை. உன் வீட்டு முற்றத்தை நினைத்தேன், போன தரம் போனபோது வேலியெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, கவலைப்படாதே.

மாரவில தாண்டியதும் பின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. ஒரு ரயர் கடை வாசலில் வாகை நிழல் கிடைத்தது. ரியூபை மாற்றுவது லேசு, எதனால் போனது என்று கண்டுபிடிக்காமல் மாற்றினால் அடுத்த கிலோமீற்றரிலேயே திரும்பவும் போகும். கையால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைக்காரர் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து ரயரின் உள்பக்கம் சுற்றி இழுத்தார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி நூலாகப் பிரிந்தது. குறட்டால் பிடித்து இழுக்க, மயிரளவு கம்பி, அரை அங்குலம்கூட இல்லை. தேய்ந்த லொறி ரயருக்குள் இருந்து உதிர்கிற கம்பியாம், வீதி ஓரத்தில்தான் அதெல்லாம் வந்து சேருமாம், நாங்கள் ஓடுவதும் அந்த ஓரத்தில்தானே. காசு வாங்கமாட்டேன் என்றார். மாதம்பையில் கோயில் குதிரைச் சிலையடியில் எனக்காகவும் உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போ, அதைத் தாண்டுகிற வாகனமெல்லாம் நிற்பாட்டிப் போடும், சைக்கிளும் வாகனம்தான் என்றார். போட்டேன்.

பதினொன்றுக்குப் பிறகு வெயில் தாரிலிருந்து மேலே அடிக்கும். அந்த நேரத்தில் வீரம் காட்டக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர், ஒரு போத்தலில் வெறும் தண்ணீர், மற்றதில் ஜீவனி, அதுதான் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புச்சீனிக் கரைசல். தாகம் வந்த பிறகு குடித்தால் பிந்திவிட்டது. பசியும் அப்படித்தான், வழியில் செவ்விளநீரும் வாழைப்பழமும் கண்ட இடமெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். முன்னேசுவரத்தில் மரநிழலில் மூன்று மணி வரை படுத்தேன். நடை சாத்தியிருந்தது, ஆனாலும் சனம் வந்துகொண்டே இருந்தது, பாதிக்கு மேல் சிங்களச் சனம், பூத்தட்டோடு. பஞ்ச ஈச்சரம் என்று ஐந்து சிவன் கோயில்களைப் பள்ளிக்கூடத்தில் வரிசையாகப் பாடமாக்கினோமே, அதில் கொழும்புக்குக் கிட்ட இருக்கிற இதற்கு நான் அதுவரை போனதில்லை.

பிற்பகலில்தான் கஷ்டமான ஓட்டம். நிலம் சுட்டால் கடல்காற்று எழும்பும். வடக்கே போகிறவனுக்குக் கடல் இடப்பக்கம், அதனால் காற்று இடமிருந்து அடித்து வீதி நடுவுக்குத் தள்ளும். அதே நேரம் வலப்பக்கத்தால் முந்துகிற லொறி முதலில் தள்ளும், பிறகு தன் பக்கம் இழுக்கும். இரண்டும் சேருகிற கணத்தில் காண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். தோளைத் தளர்த்தி, கொஞ்சம் காற்றுப் பக்கம் சாய்ந்து, லொறி போகுமட்டும் ஒரே சீராக உழக்க வேண்டும். கண்ணாடியில் இரண்டு பஸ் பக்கம் பக்கமாக வருவதைக் கண்டால் நான் புல்லுக்குள் இறங்கிவிடுவேன், இதில் பிடிவாதம் கூடாது. தெதுறு ஓயா தாண்டி இறால் பண்ணைகள் தொடங்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓடினேன்.

பிரதான வீதியை விட்டு இடப்பக்கம் திரும்பி உடப்புக்குள் போகும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெயர்ப்பலகை, கோயில் ஒலிபெருக்கி, கடையில் கதைக்கிற கதை எல்லாம் தமிழ். முன்னோர் இராமேசுவரப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று ஊரில் சொல்லுகிறார்கள். ஆடி மாதம் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு பெரிய விசேஷம். கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு பல இடங்களில் உழவு இயந்திரத்தால் இழுக்கத் தொடங்கியிருந்தார்கள், அங்கே கை கொடுத்து, ஒருவர் அம்பா, அதுதான் வலை இழுக்கிற பாட்டு, எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லி, பின்பக்கமாக அடியெடுத்து வைத்து இழுத்தார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "சும்மா நிக்கிறியே, பிடி" என்றார். பிடித்தேன். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுக்கும், ஆனால் அம்பாவோடு கால் சேர்ந்துவிட்டால் பாரம் தெரியாது. காலையிலிருந்து உழக்கிய கால் அதற்கும் ஈடுகொடுத்தது. வலையில் அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, சூடையும் காரலும்தான். எனக்கும் ஒரு பங்கு போட்டார்கள்! அதை வாங்கிக்கொண்டு எங்கே போவது என்று முழிக்க, ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், அவர் மனைவி அந்த மீனையே தேங்காய்ப்பால் விட்டு ஆணமாக வைத்துத் தந்தா. விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தேன்.

இப்போது உன் முழங்கால் விஷயம். டொக்டர் சைக்கிள் ஓடலாம் என்றால் சீற்றைக் கொஞ்சம் உயர்த்திப் போடு, பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். லேசான கியரில் கெதியாக உழக்கு, பாரமான கியரில் அமத்தாதே. பலருக்கு நோவு அங்கேதான் தொடங்குகிறது. அங்கே பனி போனவுடன் பத்துப் பத்துக் கிலோமீற்றராகத் தொடங்கினால் அடுத்த பங்குனிக்குள் நீர்கொழும்பு வரை என்னோடு வரலாம், மிச்சத்துக்கு நீ பஸ்ஸில் ஏறு, பகல் பஸ்ஸில்.

சைக்கிள் இங்கே நான் ஒழுங்கு செய்கிறேன், உன் உயரத்தை மட்டும் எழுது. வரும்போது 700க்கு 35 அளவில் நல்ல ரயர் ஒரு சோடி கொண்டுவா, மடித்து வைக்கக்கூடிய வகை. இங்கே கிடைப்பது அந்தக் கம்பிக்குத் தாங்காது.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உன் மச்சான்