கல்விக் கடன்: வட்டி மானியத்தைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலந்தாய்வு முடிந்து சேர்க்கை ஆணை கைக்கு வந்த பிறகுதான் பல குடும்பங்கள் பணத்துக்கு வழி தேடுகின்றன. அந்த அவசரத்தில் வங்கியில் கேட்பதெல்லாம் 'எவ்வளவு கடன் கிடைக்கும்?' என்பதுதான். 'படிப்பு முடிந்த பிறகு கட்டினால் போதும்' என்ற பதிலில் நிம்மதி அடைந்து கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். தகுதி இருந்தால் அதை அரசே கட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏழைக் குடும்பங்கள் இழக்கும் பணம் கொஞ்சமல்ல.

நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு ஆண்டுதோறும் 1 லட்சம் ரூபாய் கடன், தனிவட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை கட்டத் தேவையில்லாத சலுகைக் காலம் என்பது படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. ஆக, முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 4 லட்சம் அல்ல, 5.40 லட்சம். இதைப் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 7,140 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை 5,800 ஆகக் குறையும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது ஏறத்தாழ 1.9 லட்சம் கூடிவிடும்.

அந்த 1.40 லட்சத்தை அரசு ஏற்பதற்காகவே 2009 முதல் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். படிப்பு தொழில்நுட்பம் அல்லது தொழிற்கல்வி சார்ந்ததாக இருக்க வேண்டும். பொதுவாக, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரமோ படிப்பின் தரத்தை மதிப்பிடும் என்பிஏ அமைப்பின் அங்கீகாரமோ வேண்டும். மானியம் ஒருமுறைதான், இளநிலைக்கு வாங்கினால் முதுநிலைக்குக் கிடையாது. பாதியில் படிப்பை நிறுத்தினாலும் போய்விடும், மருத்துவக் காரணம் தவிர.

பெரும்பாலும் சிக்குவது வருமானச் சான்றிதழில்தான். சம்பளச் சீட்டு போதாது. வருவாய்த் துறை தரும் சான்றிதழே செல்லும். இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, கடன் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள். மானியத்தைக் கோர வேண்டியது வங்கிக் கிளை. கிளை கோராவிட்டால் பணம் வராது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை கடன் கணக்கின் அறிக்கையை வாங்கி, மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் முன்னிற்கும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே. அங்கே 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு இது பொருந்தாது. இடத்துக்குப் பணம் கட்டும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் கடன் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் இந்த மானியங்கள் அங்கே கிடைக்காது. படிக்கும்போதே மாதாமாதம் கட்டச் சொல்வதும் உண்டு. வங்கி மறுத்த பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கடனுக்கு முன்னால் கைக்கு எட்டுபவை வேறு இருக்கின்றன. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களின் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்வோருக்குக் கட்டணத்தை அரசே ஏற்பது, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இவற்றைக் கழித்த பிறகு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கே கடன் கேளுங்கள்.

உதவித்தொகை ஒதுக்கப்பட்டும் கைக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஆதார் இணைப்பு. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்ற பதிவு வேறு. அந்தப் பதிவில் கடைசியாக இணைத்த கணக்குக்கே பணம் போகும். மறந்துபோன பழைய கணக்கில் பணம் கிடப்பது இப்படித்தான். மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தவறினால் அடுத்த ஆண்டுத் தொகை நின்றுபோகும்.

'உங்கள் வீடு எங்கள் கிளையின் எல்லையில் இல்லை' என்று சொல்லி வங்கி கல்விக் கடனை மறுக்கக் கூடாது. 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் கேட்கக் கூடாது. இரண்டும் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

வங்கிகளிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கடன் ஒப்புதல் கடிதத்திலேயே, படிப்பு முடியும்போது சேர்ந்திருக்கும் வட்டி எவ்வளவு, வட்டி மானியத்துக்கு இந்த மாணவர் தகுதியானவரா என்ற இரண்டையும் தமிழில் அச்சிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
கல்விக் கடன் வழிகாட்டலில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்