மார்ச் 22 கிராம சபைக்கு வரப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கிராம சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உறுப்பினர் என்றதும் வார்டு மெம்பரை நினைத்துவிட வேண்டாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாருமே கிராம சபை உறுப்பினர்கள்தான், அதனால் இது உங்கள் எல்லாருக்கும் எழுதுவது. உலகத் தண்ணீர் தினம் என்பதால் மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. மழைநீர் சேகரிப்பு, ஊருணி தூர்வாருவது, வீட்டுக்கு வீடு குழாய் என்று பேசி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். எந்தத் தெருவுக்கு எந்தத் தொட்டித் தண்ணீர் போகிறது, ஏன் அப்படிப் பிரிந்து போகிறது என்ற கேள்வி மட்டும் வருவதே இல்லை. இந்த வருஷம் அதைக் கேளுங்கள்.

அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு தண்ணீர் நாள் இருக்கிறது. 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றம், பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கிற குளம், கிணறு எதிலும் தீண்டப்படாதவர்கள் என்று யாரையும் தடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. இன்றைய மகாராஷ்டிரத்தில் கொங்கண் பக்கத்துச் சிறு நகரமான மகத்தின் நகராட்சியும் 1924 ஜனவரியில், எங்கள் ஊர் சவுதார் குளம் எல்லாருக்கும் உண்டு என்று எழுதி வைத்தது. (அதே 1924இல் நம் சென்னை சட்டமன்றத்திலும், பொதுத்தெரு, பொதுக்கிணறு எல்லாருக்கும் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார்.) சரி, எழுதியாயிற்று, அப்புறம்? ஒன்றும் நடக்கவில்லை. ஆடு மாடு அந்தக் குளத்தில் குடித்தது, வேற்று மதத்தார் குடித்தார்கள், தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கிவைத்த மகர் சாதியார் மட்டும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர், மகத்தில் நடந்த மாநாட்டுக்கு வந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாக நடந்துபோய் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். சிறுவனாகப் பள்ளிக்கூடத்தில் பியூன் மேலிருந்து ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தண்ணீரே இல்லை என்று வளர்ந்தவர் அவர்.

அடுத்தது கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, மாநாட்டுக்கு வந்தவர்களைத் தடியோடு வந்து அடித்தார்கள். அப்புறம் பால், தயிர், சாணி, கோமியம் கலந்து 108 குடம் குளத்தில் ஊற்றி, மந்திரம் சொல்லி, தீட்டுக் கழித்தார்கள். மனிதக் கை பட்டால் கெட்டுப்போகிற தண்ணீர் மாட்டுச் சாணியால் சுத்தமாகும் என்று படித்தவர்களும் நம்பினார்கள், சடங்கு முடிந்ததும் அதே தண்ணீரை நிம்மதியாகக் குடித்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்த ஆகஸ்டில் நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்தக் குளம் யாருக்கு என்ற வழக்கு பத்து வருஷம் நடந்தது. இது எங்கள் சொந்தக் குளம், நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து இதுதான் வழக்கம் என்பது சாதி இந்துக்களின் வாதம். 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தீர்ப்பு எழுதிய புரூம்ஃபீல்டு 1922இல் காந்திக்கு ஆறு வருஷம் சிறை கொடுத்த அதே நீதிபதிதான். ஆக, "நம்ம ஊர்ல காலங்காலமா இப்படித்தான், யாரும் புகார் சொல்லலையே" என்று இன்றைக்கு யாராவது எழுந்து சொன்னால், அது அப்போதே கோர்ட்டில் தோற்றுப்போன பேச்சு.

இப்போது அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவே குளம், கிணறு, படித்துறையைப் பேர் சொல்லிக் காக்கிறது. பட்டியல் சாதி மக்கள் புழங்கும் தண்ணீரை அசுத்தமாக்குவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். இவ்வளவும் இருந்துதான் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது, தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகு. விசாரிக்கப் போன கலெக்டர் அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளையையும், அய்யனார் கோயில் வாசலோடு நிறுத்தப்பட்ட மக்களையும் பார்த்தார். 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்தப் பட்டியல் சாதி மக்களில் மூன்று பேர்மீதே குற்றப்பத்திரிகை போட்டது, அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. யார் செய்தது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது உங்கள் ஊரைப் பற்றி.

தகராறு வேண்டாம் என்று காலனிக்குத் தனித் தொட்டி கட்டிக் கொடுப்பதை நல்ல காரியமாகவே பல பேர் நினைக்கிறார்கள். எனக்கு அது தீட்டுக்கு சிமென்ட் பூசி நிரந்தரமாக்குகிற வேலையாகத்தான் தெரிகிறது. தூரம், மேடு பள்ளம் என்று நிஜமான காரணம் இருந்தால் தனித் தொட்டி இருக்கட்டும். அந்தக் காரணம் சபையில் வாய்விட்டுச் சொல்லப்படட்டும், அவ்வளவுதான்.

ஊர்த்தெருக்காரர்களே, இந்தக் கேள்வியை நீங்கள் முதலில் கேளுங்கள். காலனிக்காரர் கேட்டால் மறுநாள் தோட்ட வேலை நிற்கும், கைமாற்றுக் கடனைத் திருப்பிக் கேட்பார்கள். உங்களுக்கு வரப்போவது சொந்தக்காரர்களின் முணுமுணுப்புதான். 1927 டிசம்பரில் இரண்டாவது மகத் மாநாட்டில் மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பிராமணர்.

தலைவர் இருந்தாலும், தனி அலுவலர் இருந்தாலும், நோட்டில் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: எந்தத் தொட்டி எந்தெந்தத் தெருவுக்கு, தனியாக இருந்தால் என்ன காரணம், காரணம் இல்லையென்றால் எந்தத் தேதிக்குள் ஒரே லைனில் இணைப்பது. தேதி போடாமல் விட்டுவிடாதீர்கள். அடுத்த சபை மே 1 அன்று கூடும், வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று அன்றைக்கே கேட்கலாம்.

இப்படிக்கு,
உங்களைப்போல ஒரு கிராம சபை உறுப்பினர்