இரண்டு மீட்டர் விதியை எடுத்துவிடுங்கள்: பாடன்-வூர்ட்டம்பெர்க் சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் மாநில வனத்துறைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கிலிருந்து சைக்கிள் ஓட்டுகிற ஒருவன் எழுதுகிறான் என்றதுமே, இது மாநில வனச் சட்டத்தின் 37-ஆம் பிரிவைப் பற்றியதுதான் என்று ஊகித்திருப்பீர்கள். ஆமாம், அதேதான். 2 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று 1995 முதல் நீங்கள் வைத்திருக்கும் அந்த விதி. மடலின் ஜெர்மன் வடிவம் தனியாக உங்களுக்கு வரும். இதைத் தமிழில் எழுதுவது, விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு எங்களுடன் ஓட்ட வரும் தமிழ்க் குடும்பங்களும் படிக்கட்டும் என்பதற்காக.

விஷயம் புதிதல்ல. 2013-இல் ஜெர்மன் மவுண்டன் பைக் சங்கம் முன்னெடுத்த மனுவில் 58,000-க்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டு, விதி அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அதனால் பழைய வாதங்களை எல்லாம் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். இந்த வசந்தத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கைசர்ஸ்டூல் மலைகளை நீங்கள் அறிவீர்கள். ரைன் சமவெளியின் நடுவே எழுந்து நிற்கும் அவிந்த எரிமலை. மிக உயர்ந்த சிகரமான டோட்டன்கோஃப்கூட 557 மீட்டர்தான். கீழே திராட்சைத் தோட்டங்கள், மேலே முகட்டில் காடு. கிராவல் பைக், அதாவது சரளை, மண் பாதைகளுக்கான சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். தோட்டங்களுக்கு நடுவே இறுகிய மண்பாதை, அப்புறம் கரிய எரிமலைக் கற்கள் நொறுங்கிக் கிடக்கும் ஏற்றம், அதன் பிறகு பீச் (beech) என்ற காட்டுமர நிழல். எண்டிங்கனுக்கு மேலே உள்ள கத்தரீனா சிற்றாலயத்திலிருந்து ஐக்கல்ஸ்பிட்ஸ சிகரத்தின் பக்கமாக முகட்டோடு போய்க்கொண்டிருந்தோம். நானும் மனைவியும் எங்கள் பதினொரு வயது மகளும்.

3 மீட்டர் அகலத்தில் போய்க்கொண்டிருந்த சரளைப் பாதை ஒரு வளைவுக்குப் பிறகு ஒடுங்கியது. அங்கே பலகை எதுவும் இல்லை. நடைவழியைக் காட்டும் மஞ்சள் சாய்சதுரம் மட்டும் மரத்தில் இருந்தது. எதிரே வயதான ஒருவர் நடந்து வந்தார். அவரைக் கண்டதுமே மூவரும் இறங்கி ஓரமாக நின்று வணக்கம் சொன்னோம். அவரும் சொன்னார். சொல்லிவிட்டு, தன் இரண்டு நடைக்கோல்களையும் பாதையின் குறுக்கே ஒன்றையடுத்து ஒன்றாகப் படுக்கவைத்தார். இந்தப் பக்க முனை புல்லுக்குள் போனது. அந்தப் பக்க முனை காட்டுப்பூண்டு இலைகளுக்குள் போனது. துணிக்கடைக்காரர் கஜக்கோலால் அளந்து காட்டுகிற நிதானத்தோடு, “பாருங்கள், இரண்டு மீட்டர் இல்லை. திரும்பிப் போங்கள்” என்றார்.

யாரும் யாரையும் இடிக்கவில்லை. பிரேக் கிறீச்சிடவில்லை. யாருக்கும் பயமோ வலியோ இல்லை. ஆனாலும் சட்டப்படி அவர் சொன்னது சரி. என் வருத்தமே அதுதான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாமே என்பீர்கள். போயிருக்கலாம். பாதை எவ்வளவு தூரத்துக்கு ஒடுங்கியே இருக்கும், எங்கே மறுபடி அகலும் என்று எந்த வரைபடமும் சொல்லாதே. மகளுக்கு முகம் வாடிவிட்டது. திரும்பினோம். ஷெலிங்கன் பக்கம் இறங்கி, வேறு வழியின்றி ஃபோகல்சாங் கணவாய்க்குப் போகும் தார்ச்சாலையில் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள்காரர்கள் எந்த வேகத்தில் அந்த வளைவுகளில் சாய்ந்து வருவார்கள் என்பதை உள்ளூர் உறுப்பினர்கள் அறிவார்கள். ஒரு கார் எங்களை முந்திப் போனது. என் மகளின் தோளுக்கும் அந்தக் காரின் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

2020 முதல் நாடு முழுவதும் சாலை விதி என்ன? ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அதே 2 மீட்டர்! அந்த ஓட்டுநரை நிறுத்தி, தார்ச்சாலையில் கோலைப் படுக்கவைத்து அளந்து காட்ட அங்கே யாரும் வரவில்லை. எங்களைக் காப்பாற்ற வேண்டிய 2 மீட்டரை யாரும் அளப்பதில்லை, எங்களைத் துரத்துகிற 2 மீட்டரைக் கையில் கோல் வைத்திருக்கிறவர் எல்லாம் அளக்கிறார். ஒரு குழந்தையைக் காட்டிலிருந்து கிளப்பிக் கார்களுக்கு நடுவே இறக்கிவிடுவதுதான் உங்கள் விதி நடைமுறையில் செய்யும் வேலை. ஆகவே பணிவாகக் கேட்கிறேன்: அந்த 2 மீட்டரை எடுத்துவிடுங்கள்.

அகலத்தை எங்கிருந்து எங்குவரை அளப்பது என்பதாவது யாருக்காவது தெரியுமா? நவம்பரில் இலை உதிர்ந்து 2 மீட்டர் இருக்கிற பாதை, ஜூனில் காஞ்சொறி வளர்ந்து ஒன்றரை ஆகிவிடுகிறது. அப்படியானால் நவம்பரில் நான் யோக்கியன், ஜூனில் குற்றவாளி. என் கிராவல் பைக்கின் ஹேண்டில்பார் அரை மீட்டர்கூட இல்லை. டயர் 4 சென்டிமீட்டர்தான். அளவுநாடா ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு இறங்கி அளக்கச் சொல்கிறீர்களா? சொன்னால் செய்கிறோம். மஞ்சள் நிறத்தில், மாநில முத்திரையோடு நீங்களே ஒன்று அச்சிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

மண் அரிப்பு, வனவிலங்கு என்று காரணம் சொல்வீர்கள். அந்தக் கவலை எங்களுக்கும் உண்டு. ஆனால் மரம் வெட்டும் கனரக இயந்திரம் போய் வந்த பாதைகளைக் குளிர்காலத்தில் வந்து பாருங்கள். முழங்கால் ஆழச் சக்கரத்தடம், அதில் தேங்கிய தண்ணீர். அந்தப் பாதை 3 மீட்டருக்கு மேல் அகலம், எனவே அதில் நான் தாராளமாக ஓட்டலாம்! பக்கத்திலேயே இறுகிக் காய்ந்து கிடக்கும் சிறு பாதையில் ஓட்டினால் இயற்கைக்குக் கேடு. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

கைசர்ஸ்டூலின் பள்ளப் பாதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பனியுகக் காற்று கொண்டுவந்து குவித்த லோஸ் என்ற நுண்மண்ணை நூற்றாண்டுக் கணக்கில் மாட்டுவண்டிச் சக்கரமும் மழைநீரும் அறுத்ததால் உண்டானவை அவை. இன்று சுற்றுலா மலர்களில் நீங்கள் பெருமையாகப் போடும் படத்தை வரைந்ததே சக்கரம்தான். அந்த மண்சுவர்களில் பஞ்சுருட்டான் பறவையும் காட்டுத்தேனீயும் கூடு வைக்கின்றன. கூடு இருக்கும் இடத்தை, மண் சரியும் இடத்தை, ஞாயிறுதோறும் நடப்பவர்கள் நெரியும் இடத்தைப் பெயர் சொல்லி மூடுங்கள், பலகை வையுங்கள். ஒரு சொல் மறுத்துப் பேசாமல் சுற்றிப் போகிறோம். மாநிலம் முழுவதற்கும் ஒரே கோலை நீட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாருங்கள். பவேரியச் சட்டம் ‘தகுந்த பாதை’ என்கிறது, மீட்டர் சொல்லவில்லை. ஹெஸ்ஸன் மாநிலம் 2012-இல் சைக்கிளுக்குக் கடிவாளம் போடப் பார்த்தது. எதிர்ப்பு வந்ததும் உட்கார்ந்து பேசி, மறு ஆண்டே வேறு சட்டம் கொண்டுவந்தது. அங்கேயும் எரிமலை நிலம் இருக்கிறது. மத்திய ஐரோப்பாவிலேயே பெரிய எரிமலைப் பரப்பான ஃபோகல்ஸ்பெர்க் அங்கேதான். அங்கே பழைய ரயில் தடத்தில் பாதை போட்டு, அதற்கு ‘எரிமலை சைக்கிள் வழி’ என்றே பெயர் வைத்து ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். அங்குள்ள கருங்கல் சைக்கிளைத் தாங்குகிறது, நம்முடையது தாங்காதோ?

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1817-இல் கார்ல் ட்ரைஸ் மான்ஹைமில் இரண்டு சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து காலால் தள்ளிக்கொண்டு போனாரே, அது இந்த மண். 2017-இல் அதற்கு இருநூறாம் ஆண்டு விழா எடுத்தீர்கள். இந்தோனேசியாவில் 1815-இல் தம்போரா எரிமலை வெடித்து, அதனால் இங்கே விளைச்சல் பொய்த்து, குதிரைத் தீவனத்துக்குப் பஞ்சம் வந்ததால்தான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. உறுதியான ஆதாரம் இல்லாத கதை, ஆனாலும் எனக்குப் பிடிக்கும். சைக்கிளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்த மாநிலமே அதற்குக் காட்டுக்குள் நுழைவுச் சான்றிதழ் மறுக்கிறது. விழா மேடையில் மாலை, காட்டு முனையில் கோல்.

கோல் என்றதும் மனதில் உறுத்துகிற ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு விதி இப்படி யார் வேண்டுமானாலும் எடுத்து நீட்டக்கூடியதாக இருந்தால், அது எல்லோர் மீதும் ஒரே மாதிரி நீளாது. எங்களுக்குச் சற்று முன்னால் நாலைந்து இளைஞர்கள் அதே பாதையில் எங்களைவிட வேகமாகப் போனார்கள். அவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். கோல் எங்களுக்குத்தான் விரிந்தது. அந்தப் பெரியவர் மனதில் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பதினொரு வயதுப் பிள்ளை என்ன நினைத்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கேட்டாள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறிய விஷயம். சைக்கிளுக்கு ‘தகுந்த பாதைகளில்’ ஓட்டலாம், நடப்பவர்களை மதித்து ஓட்ட வேண்டும் என்று 37-ஆம் பிரிவில் இந்த விதி இருக்கும் அதே உட்பிரிவின் முதல் வரிகளிலேயே நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அருமையான வரிகள். அவை போதும். அடுத்து வருகிற 2 மீட்டரை மட்டும் எடுத்துவிடுங்கள். மதிக்காமல் பாய்கிறவனைப் பிடித்து அபராதம் போடுங்கள், கைதட்டுகிறோம்.

சட்டத்தைத் திருத்த நாளாகும் என்றால், வன அலுவலகம் விலக்கு அளிக்கலாம் என்று அதே உட்பிரிவின் கடைசியில் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாம். கைசர்ஸ்டூல் முகட்டில் இரண்டு அகலப் பாதைகளை இணைக்கும் குறுகிய துண்டுகளுக்கு இந்தக் கோடைக்குள் விலக்குக் கொடுங்கள். பிள்ளைகள் கணவாய்ச் சாலைக்கு இறங்காமல் எண்டிங்கனிலிருந்து இஹ்ரிங்கன்வரை காட்டுக்குள்ளேயே போக முடிய வேண்டும். எந்தெந்தத் துண்டுகள் என்று குறித்த வரைபடத்தை ஜெர்மன் மடலோடு இணைத்திருக்கிறேன். உங்களில் யாராவது நேரில் பார்க்க விரும்பினால் கூட வருகிறேன். சைக்கிள் இல்லை என்றால் இரவலுக்கு ஏற்பாடு செய்கிறேன். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

மரியாதையுடன்,
ஃப்ரைபுர்க்கில் வாழும் ஒரு தமிழ்ச் சைக்கிள்காரன்