மரத்துக்கு முன் மண்ணைப் பார்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மகளுக்கு,

டொரோண்டோ வீட்டின் முன்புறத்தில், இலையுதிர் காலத்தில் சிவக்கும் மேப்பிள் மரம் ஒன்றை நட விரும்புவதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் மரத்தை வாங்குவதற்கு முன் மண்ணைச் சோதித்துவிடு, அம்மா.

தென் ஒன்டாரியோவில் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்த களிமண்தான் இருக்கிறது. செம்மேப்பிளோ அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. மண்ணின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-ஐத் தாண்டினால், மாங்கனீசுச் சத்து இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள இயலாமல், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இலை கோடையிலேயே வெளிறிவிடும்.

வெளிறிய இலை அக்டோபரில் நன்றாகச் சிவக்காது. பகல் குறையக் குறையப் பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது; சிவப்பைத் தரும் அந்தோசயனினோ, இலையில் தங்கும் சர்க்கரையைக் கொண்டு பெரும்பாலும் அந்த நாள்களில்தான் உருவாகிறது. அதற்கு நல்ல வெயிலுள்ள பகலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் வேண்டும். நம் தோட்டப்புறத்துப் பால்மரங்களும், அதாவது ரப்பர் மரங்களும், ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இலை பழுத்து உதிர்க்கும், பாலும் குறையும். இங்கே குளிருக்கு வேலையில்லை. ஆகவே நம் ஊர்ப் பழக்கத்தை வைத்து, நிழல் விழும் மூலையில் நட்டுவிடாதே.

மண் ஒத்துவந்தால், பெயரிட்ட ரகத்தையே கேட்டு வாங்கு. விதையிலிருந்து வளர்ந்த கன்று சிவக்கலாம், மஞ்சளாகவும் நின்றுவிடலாம். ‘அக்டோபர் குளோரி’ தாமதமாக நிறம் மாறுவதால், முன்கூட்டியே வரும் கடும் பனியில் இலை கருகிவிடக்கூடும். அதற்கு முன்பே சிவக்கும் ‘ரெட் சன்செட்’ உன் ஊருக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். சர்க்கரை மேப்பிள் எவ்வளவு அழகானாலும், பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதற்கு ஆகாது.

மண் காரத்தன்மையுள்ளதாக இருந்தால் ஜின்கோ என்னும் மரத்தை நடு. சிவக்காது, ஆனால் முழு மரமும் பொன்னிறமாகும். பெண் மரத்தின் பழுத்த விதை துர்நாற்றம் வீசும் என்பதால், ஒட்டுக்கட்டிய ஆண் மரமாகவே வாங்க வேண்டும்.

நடும்போது குழியை ஆழமாக்காமல், கன்றின் வேரைச் சுற்றியுள்ள மண்கட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாகத் தோண்டு. அடித்தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். கோடையில் தண்ணீர் குறையக்கூடாது.

சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுது. அதுவரை எந்த மரத்துக்கும் பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா